வேறு பேர் சொல்லி உள்ளே போன மதியம்

மூலக்குளம்,
18-7-2006

செல்ல மகள் கார்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பிரான்ஸில், துலூஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து சேதராப்பட்டு கம்பெனிக்குப் போய் வருகிறார். மதியம் கடற்காற்று வந்து ஜன்னல் துணி ஆடத் தொடங்கியதும் நான் உன் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன், ஒரு பக்கத்தைத் தொட்டால் வேறொரு ஊர் திறக்கும், நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லை, அரைத்தூக்கத்தில் நடப்பது போல எங்கெங்கோ போய் வருவேன்.

பக்கத்து வீட்டுக் கமலவேணி, புருஷன் போன பிறகு தட்டாஞ்சாவடியில் பாட்டில் கழுவும் வேலைக்குப் போகிறாளே, அவள் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட ஆசைப்பட்டாள். இன்டர்நெட்டில் மட்டும்தான் விண்ணப்பமாம். போன மாதம், விண்ணப்பம் போடக் கடைசி நாளன்று பந்த், அதனால்தான் அவளுக்கு லீவு, நெட் சென்டர்களும் மூடிக்கிடந்தன. நம் வீட்டில் திறந்தால் இந்த பிரவுசருக்கு அனுமதி இல்லை என்று முதல் பக்கத்திலேயே வந்தது, இன்டர்நெட் பார்க்க நீ போட்டுக்கொடுத்த இலவச பிரவுசர்தான். நாலைந்து தடவை பார்த்துவிட்டு "வுடுக்கா, எனக்கு குடுப்பின இல்ல" என்று அவள் எழுந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, உன்னோடு படித்த கலைவாணனுக்குப் போன் போட்டேன். "அது பிரவுசரோட பேரை மட்டுந்தாம்மா பாக்குது, வேற பேரை சொல்ல வெச்சிடலாம்" என்று எங்கே எதை மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தான். மாற்றினேன், அதே கம்ப்யூட்டரில் அதே பக்கம் ஒன்றும் நடக்காதது போலத் திறந்தது. நேற்று அவளுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு ஓடி வந்தாள்.

ஆனாலும் பொய்ப் பேர் சொல்லித்தானே உள்ளே போனோம் என்று எனக்கு உறுத்துகிறது. கலைவாணன் இன்னொன்றும் சொன்னான், "இன்னும் கொஞ்ச வருசத்துல தான் யாருன்னு மிஷினே சாட்சி சொல்லும்மா, அப்ப இந்த வேலயெல்லாம் நடக்காது" என்று. அதிலிருந்து மதியத்தில் கண் அசந்தால் நீளமான ஒரு தெருவில் கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வருவதாகத் தோன்றுகிறது.

உன் புது வேலை, உள்ளே வருகிற கம்ப்யூட்டர் சரியானதா என்று சோதிப்பது, திருடனைத் தடுக்கத்தான் என்றாய். சந்தோஷம். ஆனால் கமலவேணி திருடி இல்லையே. இப்படித் தடுக்கப்பட்டவர்கள் உங்களுக்கு எழுதிக் கேட்கவும் முடியாது, எழுதிக் கேட்கிற பக்கமும் அவர்களுக்குத் திறக்காது. அதனால் உங்கள் ஆபீஸ் கூட்டத்தில் அவர்களுக்காகப் பேச நீதான் இருக்கிறாய், மறக்காமல் பேசு.

நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து நீ நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் அம்மா,
ஆதிலட்சுமி