அண்ணன் என்ற கட்டம்

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே வெயில். மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. மகள் நிவேதா பெயரில் பிழை இல்லை, மாப்பிள்ளை ஊர் பெயரும் சரி. மூலைக்கு மூலை மஞ்சள் வைத்து முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது.

டேப்லெட்டில் மறுபடி அந்த அறிவிப்பு. உங்கள் சாதனத்துக்குப் புதிய அப்டேட் தயார். போன வாரம் வரை அடியில் இரண்டு பொத்தான்: 'இப்போதே', 'பிறகு'. இன்று பார்த்தால் 'பிறகு' இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி. வைஃபை கிடைத்து, சார்ஜிலும் இருந்தால் தானாகவே நிறுவிக்கொள்ளுமாம். யாரைக் கேட்டு?

உடனே வீட்டு வைஃபையை அணைத்து ஒயரையும் பிடுங்கி வைத்தேன்.

இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி வருகிற ஆடியோடு ஒரு வருஷம். குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், ஆர்.எஸ்.புரம் கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லி, இவர் உட்கார்ந்து பேசிப் பதிந்ததெல்லாம் இந்த டேப்லெட்டில், ஒரு ஆப்புக்குள் இருக்கிறது. கட்டம் கட்டமாக. தொட்டால் இவர் குரல். "வாங்க, வாங்க, உக்காருங்க." "சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்." தன் கம்பெனி வேலையாட்களைத் திட்டுவதற்குக்கூட ஒரு கட்டம் உண்டு. அதைத்தான் அதிகம் தொடுகிறார்.

டேப்லெட்டின் புதிய அப்டேட்டில் இந்த ஆப் சரியாக ஓடாதாம். ஆப்காரர்களும் ஒரு அப்டேட் விடுகிறார்களாம், அதில் பதிவுகளை வெளியே எடுத்துச் சேமிக்க வழி உண்டாம். அது வரும்வரை டேப்லெட்டை அப்டேட் செய்யாதீர்கள் என்கிறார்கள். எப்போது வரும் என்றால், விரைவில். பொங்கலுக்கும் இதே விரைவில்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கொத்தமல்லி வாங்க மறந்தேன். ரசம் சுமார்.

கஸ்டமர் கேரில் பாட்டுப் போட்டு நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒரு பெண்.

"மேடம், உங்க பதிவுகள் எல்லாம் பத்திரமா இருக்கும் மேடம்."

"எங்கே பத்திரமா இருக்கும்?"

"ஆப்லதான் மேடம்."

"அந்த ஆப்தான் சரியா ஓடாதுங்கறீங்களே."

"எங்க டீம் வேலை பண்ணிட்டு இருக்காங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

கேட்ட உதவியே வரவில்லை, இதில் வேறு உதவியாம். ஃபோனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. காசு கொடுத்து வாங்கியது, எறியவில்லை.

கிளினிக் வாட்ஸப் குழுவில் எல்லோரும் இதே புலம்பல். எனக்குப் பேட்டரி நிற்கவில்லை, எனக்குக் கட்டத்தைத் தொட்டால் மெதுவாக வருகிறது, அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்கிறார்கள், யாருக்காவது வந்ததா? யாருக்கும் வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

கோட்டைமேட்டு ஹசீனா அழைத்தார். அவர் வீட்டுக்காரருக்கும் இவர் மாதிரியே ஆபரேஷன். கிளினிக் வராந்தாவில் பழக்கம். தெரியாமல் அப்டேட் ஆகிவிட்டதாம்.

"கட்டமெல்லாம் அப்பிடியே இருக்குதுங்க அக்கா. உள்ளே அவரு இல்லை. யாரோ செய்தி வாசிக்கற ஆளு மாதிரி, கட்டத்து மேல எழுதியிருக்கறதை மட்டும் படிக்குது."

"திரும்ப எடுக்க முடியாதுங்களா?"

"முடியாதுன்னுட்டாங்க. அவரு இப்ப அதைத் தொடறதே இல்லைங்க."

ஃபோனை வைத்த பிறகும் காதுக்குள் அந்த ஆள் படித்துக்கொண்டிருந்தான். நான் கேட்காத குரல், ஆனாலும்.

கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, டேப்லெட் பேசப் பேச என் ஃபோனில் பிடித்தேன். வேர்வை ஊற்றுகிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் வருகிறது, இருந்தாலும் இவர் குரல். கல்யாணத்துக்கு அழைக்கிற கட்டம், கார் டிரைவர் பாலாஜியை விரட்டுகிற கட்டம், என்னை 'அம்மணி' என்று கூப்பிடுகிற கட்டம், எல்லாம் ஆயிற்று. கடைசியாக 'அண்ணன்' என்று எழுதிய கட்டம். கை வைத்ததும் இவர் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டார். சிலேட்டில் எழுதினார்: அது அண்ணனுக்கு மட்டும்.

"உள்ளே என்ன இருக்குதுன்னு நான் கேக்க மாட்டேனுங்க. ஃபோனை வெச்சுப் போட்டு வெளியே போயிர்றேன்."

தலையை ஆட்டினார். முடியாது என்றால் முடியாதுதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

பூ விலை ஏறிவிட்டது. குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்தாயிற்று. இனி ஆட்களை அழைக்க வேண்டும்.

இவருடைய அண்ணன் மேட்டுப்பாளையத்தில். பாக்கு மண்டி. தோட்டம் பாகம் பிரித்தபோது வாய்த்தகராறு, பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு நல்லது கெட்டதுக்கு இல்லை. ஆபரேஷனுக்குக்கூட வரவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் பெரியப்பா இல்லாமல் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம்? மாப்பிள்ளை வீட்டார் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இவருக்கு மாப்பிள்ளை வீடு பற்றிக் கவலை இல்லை. அண்ணன் வேண்டும், அவ்வளவுதான்.

நாத்தனார் சரோஜா போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"அண்ணன் சொல்லுதுங்க அண்ணி, அந்தப் பொட்டிக்குள்ள அவன் குரல் இருக்குதாமா, அவன் குரல்ல ஒரு வார்த்தை கூப்பிடட்டும், நான் வாரேன்னு."

இவர் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார் அந்தக் கட்டத்தை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒரு தடவைகூட அது பேசியதில்லை.

இவர் குளிக்கப் போனபோது டேப்லெட் கட்டிலில் கிடந்தது. விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே போய்விட்டது. ஃபோன் இன்னொரு கையில். தொடவில்லை. பெரிய யோக்கியம்.

அறிவிப்பு இப்போது சிவப்பில்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பூ, பத்திரிகை. வழியில் காரமடையில் இரண்டு வீடு. அங்கெல்லாம் கல்யாணக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டு அழைத்தார். "நம்ம புள்ளை கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்." அவர்கள் டேப்லெட்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு, இவருக்குப் பெருமை. மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது சார்ஜ் குறைந்துவிட்டது.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க" என்றார், என்னைப் பார்த்து. இவர் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார். இவர் உடனே டேப்லெட்டை எடுத்தார்.

"இருடா. மொதல்ல சாப்பிடு. சாப்புட்டுப் போட்டுப் பேசலாம்."

அந்த வீட்டு மருமகள் சுகன்யா. கல்யாணமாகிச் சில மாதம்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நல்ல பெண். டேப்லெட்டைப் பார்த்தாள்.

"சார்ஜ் தீரப்போகுதுங்க சின்னத்தை. நான் போட்டு வைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷம் கழித்துப் படியேறிய வீட்டில் முதல் வார்த்தை 'வேண்டாம்' என்றா வரவேண்டும்? வைஃபைதான் இல்லையே, சார்ஜ் மட்டும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவசரத்துக்கு உதவட்டும் என்று அதில் நாங்கள் பூட்டும் வைத்ததில்லை.

இலை போட்டார்கள். அக்கா, அதாவது அண்ணன் சம்சாரம், பக்கத்தில் நின்று நெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்றால் அவர் முகம் வாடுகிறது. இவர் மெல்ல மெல்லத்தான் விழுங்குவார், அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாயசம் வந்தது. சுகன்யாவும் வந்து என் காதோரம் குனிந்தாள்.

"வைஃபையும் போட்டுட்டேனுங்க சின்னத்தை. ஏதோ அப்டேட் கேட்டுச்சு, பாவம் ரொம்ப நாளா நிக்குது போல. ஆயிட்டிருக்குதுங்க."

நான் எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். கறுப்புத் திரை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். கோடு நிற்கவில்லை.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். இவர் மடியில் டேப்லெட். இவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் சுகன்யாவுக்கும்தான் தெரியும், அவளுக்கும் என் முகத்தைப் பார்த்துப் பாதிதான் புரிந்திருக்கும். திரை வெளிச்சமானது. கட்டமெல்லாம் அப்படியே இருந்தது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டார்.

இவர் தொட்டார்.

"அண்ணன்" என்றது. யாரோ ஒருத்தன். செய்தி வாசிக்கிறவன்.

மறுபடி தொட்டார். "அண்ணன்." மறுபடி. "அண்ணன்."

"என்றா தம்பி, பொட்டி பேச மாட்டீங்குதா?"

இவர் என்னைப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் சுகன்யா, பக்கத்திலேயே அவள் மாமியார். அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. நான் நடந்ததைச் சொன்னால் அந்த வீட்டில் ஆயுசு முழுக்க அவளுக்கு அதுதான் பேச்சு. வந்த சமரசத்தைக் கெடுத்தவள்.

"மெஷின் பழசுங்க மாமா. ஏதோ கோளாறு" என்றேன் அண்ணனிடம்.

இவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: இருந்துச்சு.

அண்ணன் படித்தார். காதிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி, உடு" என்றார். தட்டை நீட்டி நான்தான் அழைத்தேன், கல்யாணத்துக்கு வந்து முன்னால் நிற்க வேண்டும் என்று. வாங்கிக்கொண்டார்.

"பாக்கலாமுங்க."

எங்கள் பக்கம் 'பாக்கலாமுங்க' என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம். வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார்கள். அக்கா ஒரு பை நிறைய வாழைக்காய் கொடுத்தார்.

காரில் இவர் சிலேட்டைப் பின் சீட்டில் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 27, திங்கள்

மேகம். மழை இல்லை.

கஸ்டமர் கேர். வேறு பெண். "பழைய பதிவுகளைத் திரும்ப எடுக்கறதுக்கு வழி இல்லை மேடம். அசௌகரியத்துக்கு மன்னிக்கணும்." அசௌகரியம். பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காவிட்டால் அசௌகரியம்.

ஃபோனில் நான் பிடித்து வைத்தவை இருக்கின்றன. அவற்றை இவரிடம் போட்டுக் காட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

சரோஜா அழைத்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணன் வருத்தமா இருக்குதுங்க. அப்பிடி ஒண்ணும் அவன் பேசி வெச்சிருக்க மாட்டான், ஊருக்குக் காட்டக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு சொல்லுது."

நேற்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று இவரைப் பொய்யராக்கிவிட்டேன்.

பிறகு சுகன்யாவிடமிருந்து ஒரு வாட்ஸப். "சின்னத்தை, மாமாகிட்ட நானே சொல்லிடட்டுங்களா? பயமா இருக்குதுங்க." சொல்லு என்று அடித்தேன். அழித்தேன். சொல்லாதே என்று அடித்தேன். அதையும் அழித்தேன். இன்னும் பதில் போடவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இவரிடம் கேட்டேன், அதில் என்னதான் சொல்லியிருந்தீர்கள், அதையே ஒரு கடுதாசியாக எழுதிக் கொடுங்கள், நான் கொண்டு போகிறேன் என்று. சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்: எழுதற மாதிரி இல்ல அது.

அதையும் துடைத்துவிட்டார்.

நிவேதா பெங்களூரிலிருந்து அழைத்துக் கேட்டாள், பெரியப்பா வருகிறாரா என்று. பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 29, புதன்

தையல்காரரிடம் ரவிக்கை. பந்தல்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார், இவர் வெளியே வரவில்லை.

ஆப்காரர்களின் அப்டேட் வந்துவிட்டது. குழுவில் எல்லோரும் கை கூப்புகிற படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். இனி உங்கள் அன்புக்குரியவரின் குரலை ஒரே தொடுதலில் சேமிக்கலாம். போட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமலே. சேமிக்கப் பதிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. ஹசீனா மட்டும் குழுவில் ஒன்றும் போடவில்லை.

சுகன்யாவுக்கு என்ன பதில் என்று யோசித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்றைக்குள் ஏதாவது ஒன்று

"அம்மணி."

கூடத்திலிருந்து. ஒரு கணம் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பேனா விழுந்துவிட்டது. இவர்தான், வேறு யார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் டேப்லெட்டைத் தொட்டிருக்கிறார். மாத்திரை நேரம், தண்ணீர் வேண்டியிருக்கும்.

"அம்மணி."

போகிறேன். போகாவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடும்.