துளிக்கு எது ஊர்?

‘என்னங்க’ என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் உங்களுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் நீங்கள் தார் பூசிய இடம் மறுபடியும் ஒழுகுகிறது. அதே எனாமல் தட்டைத்தான் கீழே வைத்திருக்கிறேன். நாம் எதிரெதிரே குந்தியிருந்து பார்ப்போமே, இப்போது நான் மட்டும் குந்தியிருக்கிறேன்.

காய்ந்த தட்டில் முதல் துளி சப்பென்று பரவிப் படுத்துவிடுகிறது. நீர் ஒரு தோல்போலப் படர்ந்த பிறகுதான் வேடிக்கை. அடுத்த துளி விழுந்ததும் சுற்றிலும் மெல்லிய சுவர் எழும்பி, விளிம்பெல்லாம் முத்துக் கட்டி, கண் இமைப்பதற்குள் சிதறுகிறது. அதற்குக் கிரீடம் என்று பெயர் வைத்தீர்கள். தட்டு நிறைந்துவிட்டால் அது வராது; குழி விழுந்து நடுவில் ஒரு தண்டுதான் எழும்பும்.

சிதறுவது எந்தத் தண்ணீர் என்று நமக்குள் சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலிருந்து வந்ததுதான் தெறிக்கும் என்று நான் சாதித்தேன். கல்லூரியில் பௌதிகம் படித்தவள் என்ற திமிர். நீங்கள் துணிக்குப் போடும் நீலத்தைத் தட்டு நீரில் கரைத்தீர்கள். சுற்றிலும் வெள்ளைத் தாள் விரித்தீர்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னா மாஸ்டர், சோறு இல்லாத தட்டுக்கு ரெண்டு பேரு காவலா?”

“தண்ணி தப்பிச்சுப் போயிருமேன்னுதான் தங்கச்சி.”

தாளில் விழுந்த புள்ளிகளில் சில வெளிறியிருந்தன, சில நல்ல நீலம். நீலம் இல்லாத புள்ளி ஒன்றுகூட இல்லை. “பாத்தியா டீச்சர், வந்து விழுந்தது மட்டும் தெறிக்கல. ஏற்கெனவே இருந்ததையும் தூக்கி எறியுது” என்று சிரித்தீர்கள். அன்று அது வெறும் தண்ணீர்.

பிறகுதான் இலங்கைக் குடியுரிமை விசாரணைக்கு நுவரெலியா போனோம். அதிகாரி சிங்களத்தில் கேட்டதைக் கிளார்க் தமிழில் சொன்னார்.

“மாஸ்டர், ஒங்க ஊர் எது?”

“முசிறிப் பக்கங்க.”

நம் ஆட்களுக்கு வாழுமிடம் தேயிலைத் தோட்டம். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் தாத்தா விட்டுவந்த கிராமம். கல்யாணப் பேச்சிலும் சாவு வீட்டிலும் அந்தக் கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிப் பழகிய நாக்கு. நான் உங்கள் முழங்கையை இடித்தேன்.

“நான் பொறந்தது இங்க கந்தப்பளைத் தோட்டத்துலதாங்க. முசிறியக் கண்ணாலகூடப் பாத்ததில்லீங்க.”

“அதான் ஊரு முசிறின்னு நீங்களே சொல்லிட்டீங்களே.”

மனு தள்ளுபடியாயிற்று. அதன் பிறகு நீங்கள் தட்டுப் பக்கமே வரவில்லை. கடைசிக் காய்ச்சலில், “ஊருன்னு கேட்டா வேற என்னாதான் சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டேன்.

இப்போது என் முறை. உங்கள் மனுவில் மனைவி என்ற இடத்தில் இருந்தவள்தானே நான். இங்கே தங்கும் அனுமதியை இனி நீட்டிக்க முடியாதாம். வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தை பிறந்ததும் முசிறிக்குப் போக வேண்டும். அங்கே யாருடைய வாசலில் போய் நிற்பேன்? நமக்கொரு பிள்ளையும் இல்லை.

நேற்று மேட்டு மலைக்குப் போய் உங்களைப் பார்த்தேன். மழை அடித்து அடித்து மண்மேடு தட்டையாகிவிட்டது. தலைமாட்டில் நட்ட கல்லும் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தேன், ஈர மண்ணில் அது நிற்கவில்லை. அடுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மனிதர் இருப்பதை யார் சொல்வார்கள்? செல்லம்மா சொல்வாள் என்று பார்த்தால், அவளும் இந்தியா போகும் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் ஒன்று செய்வேன். கப்பலைவிட்டு இறங்கியதும் அங்கேயும் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். “எந்த ஊரும்மா?” என்பார். கந்தப்பளை என்பேன். அப்படி ஓர் ஊர் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று அவர் சொன்னாலும் கந்தப்பளை என்றுதான் சொல்வேன். அந்த மேசையில் அது தப்பான பதில் என்று தெரிந்தேதான் சொல்வேன்.

வீடில்லாமல் போகிற
உங்கள் வீட்டுக்காரி,
ராசம்மா