மருமகனுக்குப் போன விருது

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா சுகமா?

நேற்று கம்பெனியில் சிறந்த பொறியாளர் விருது விழா. என் அறைத்தோழன் எழுதிய மென்பொருளுக்காக முதலாளியின் மருமகனை மேடைக்கு அழைத்தார்கள். நடுவர் முதலாளியின் தம்பி. “ஒரு வரி எழுதாதவனுக்கா குடுக்குறீங்க?” என்று தோழன் மேடைமேல் பாய்ந்து, கண்ணாடிக் கேடயத்தைப் பிடுங்கி மருமகன் வாயிலேயே அடித்தான். பற்கள் தெறித்தன. உடைந்த துண்டோடு மறுபடி ஓங்கியபோது, பின்னாலேயே மேடைக்கு ஓடிய நான் இடது கையைக் குறுக்கே நீட்டினேன். சின்னக் காயம்தான், தையல் போட்டுவிட்டார்கள். அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

நீ வாங்கித் தந்த சட்டையில் ரத்தக்கறை போகவில்லை. எதில் ஊறவைக்க வேண்டுமென்று போன் செய்து மெதுவாகச் சொல். அறையில் நான் மட்டும்தான்.

சாட்சி சொல்ல முதலாளி கூப்பிடுகிறார். அவன் அடித்ததையும் சொல்வேன், மென்பொருளை எழுதியது அவன்தான் என்பதையும் சொல்வேன். வேலை போனாலும் போகும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவை.

அவசரத்தில்,
உன் மகன்