மடாலயத்துக் கல்லில் ஒரு முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கார்ன்வால் மழையில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? யார்க்‌ஷயரில் நான் நலம். வழிகாட்டி வேலை பழகிவிட்டது.

நேற்று இடிந்த மடாலயத்தைக் காட்டியபடி, "மடங்களைக் கலைத்த எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆட்கள் ஒரு கல்லையும் விட்டுவைக்கவில்லை" என்று முழங்கினேன். கூட்டத்தில் நின்ற என் வீட்டுக்கார அம்மா வினிஃப்ரெட் குறுக்கிட்டார்.

"ராஜா கூரையில வேஞ்சிருந்த ஈயத் தகட்டைத்தாம்மா கொண்டுபோனாரு. கல்லைத் தூக்குனது எங்க ஊர்க்காரங்க. நீ தலைவெச்சுப் படுக்குற சுவரும் மடத்துக் கல்லுதான்."

"அப்ப நாளையிலேருந்து உங்க வீட்டு வாசல்லயும் டிக்கெட் கிழிச்சுர்றேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மாலையில் கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். சுவர்க் கல்லில் செதுக்கிய மூக்குடைந்த தேவதூதர் ஒருவர் இருந்தார்.

சுவரோரம் குளிர்கிறது, தடித்த கம்பளியை அனுப்புங்கள். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். கட்டிலை மட்டும் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். பேச்சுத்துணைக்கு இங்கே அந்த மூக்குடைந்தவர்தான் இருக்கிறார்.

உங்கள் மகள்,
லோவென்னா