முதல் பெட்டி உன்னிடம்

மில் கிரீக், மான்டானா
அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி கோல்பிக்கு,

முதலில் இதைச் செய். ஆகஸ்டில் நான் நிரப்பிக் கொடுத்த தோட்டாப் பெட்டியை எடு. துப்பாக்கியில் ஏற்றியிருந்தால் அவற்றையும் கழற்றி அதற்குள் போட்டு, மூடி மேல் 'சுடாதே' என்று பெரிதாக எழுது. யாருக்கும் கொடுக்காதே. நெருப்பில் போடாதே. அதை முடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

உன் அத்தான் ரஸ்ஸுக்கு அடிபட்டுவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. சனிக்கிழமை காலை, மான் வேட்டைப் பருவம் திறந்த முதல் நாள், மேட்டில் நின்ற எல்க் மானைக் குறிவைத்து ஒரு தோட்டா சுட்டான். துப்பாக்கி அவன் முகத்துக்கு நேரே பிளந்துகொண்டது. வலது கண் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஹெலிகாப்டர் வர ஐம்பது நிமிடம் ஆனது. நம் ஊர் ஆஸ்பத்திரியை மூடியபோது, ஹெலிகாப்டர் பதினைந்து நிமிடத்தில் வரும் என்று மேடையில் சொன்னார்கள். நாமும் கைதட்டினோம்.

ஊரில் எல்லாரும் பழைய துப்பாக்கி, அதனால்தான் என்கிறார்கள். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. தவறு என்னுடையது.

கடைக்குத் தோட்டா வருவது நின்றதிலிருந்து, துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து நான்தான் எல்லாருக்கும் நிரப்புகிறேன். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே வெடிமருந்துதான் இருக்க வேண்டும், எழுந்து போகும்போது மருந்தை அளந்து விடும் அளவைக் குழாயில் மிஞ்சியதை அதன் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவளும் நான்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் ஹாலுக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தேன். மதியம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து மேலாளர் டெனிஸ் கூப்பிட்டாள். "லோரீன், ரெண்டு பேர் வரல. நீ வந்தே ஆகணும்." எனக்கு இன்று விடுமுறை என்றேன். "விடுமுறையா? அப்ப அடுத்த வாரமும் எடுத்துக்கோயேன். அதுக்கு அடுத்த வாரமும் எடுத்துக்கோ. உன் எடத்துக்கு வர ஆளா இல்ல?" என்றாள். அப்படியே எழுந்து போனேன். குழாயில் கால்வாசி மருந்து நின்றது. பதினாறு மணி நேரம் கிழவர்களைத் தூக்கிக் கிடத்திவிட்டு மறுநாள் வந்து உட்கார்ந்து, உங்கள் இருவருக்குமான மருந்தை அதன் மேலேயே கொட்டினேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிந்து தீரும். அது பெரிய தோட்டாவின் கூட்டில் நிறைந்திருந்தால் எந்தத் துப்பாக்கியும் தாங்காது. ஒவ்வொன்றையும் எடை போட்டேன், கோல்பி. ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. தராசு எடையைச் சொல்லும். எந்த மருந்து என்று சொல்லாது.

டெனிஸைத் திட்டிப் பார்த்தேன். அவள் முதலாளியையும் திட்டிப் பார்த்தேன். அந்தக் குழாயைக் காலி செய்ய அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

முந்தாநாள் ஞாயிறன்று ரஸ்ஸின் துணிகளை எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவன் பெட்டியில் மீதியிருந்த பத்தொன்பதையும் தட்டிப் பிரித்தேன். நிரப்பிய வரிசையில்தான் அடுக்கியிருந்தேன். வெளிச்சத்தில் பரப்பி மணிகளின் வடிவத்தைப் பார்த்தேன்; முன்னால் இருந்த ஐந்தில் இரண்டு மருந்தும் கலந்திருந்தன. அடுத்த பதினான்கும் சுத்தம். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். கைகழுவும்போதுதான் உறைத்தது. குழாயில் நின்ற கால்வாசி மருந்து ஆறு தோட்டாவோடு தீர்ந்துபோகாது; அப்படியென்றால் இது இரண்டாவதாக நிரப்பிய பெட்டி. முதல் பெட்டி உன்னிடம் இருக்கிறது. குழாயின் அடியில் கிடந்தது முழுக்க அதற்குள்தான் இறங்கியிருக்கும்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். "அலாஸ்கா போயி அங்கயே கடையில வாங்கிக்கறேன் அக்கா" என்றாய். நான் விட்டேனா? "ஊரத் தாண்டுறதுக்கு முன்னாடியே துரை ஆயிட்டாரு பாரு. அக்கா கையால செஞ்சது இனிமே ஆகாது." ரஸ் சிரித்தான். "வாங்கிக்கடா மாப்ள, இல்லன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிக்காட்டுவா." நீ வாங்கிப் பைக்குள் போட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் கம்பெனி அலுவலகத்துக்கு ஆறு முறை போன் செய்தேன். "மேல் முகாமுக்குப் போயிட்டாங்கம்மா. மலைக்கு அந்தப் பக்கம் ரேடியோ எடுக்காது" என்கிறான் அந்த ஆள். வியாழக்கிழமை உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் விமானி ஓட்டோவைப் பிடித்தேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். அச்செடுத்து உன் கையிலேயே தருவார். கடைத் தோட்டா ஒரு பெட்டியும் வாங்கி வருவார். கரடி திரியும் இடத்தில் உன்னை வெறுங்கையோடு நிறுத்த முடியாது.

நான் அழவில்லை. நேற்று வேலைக்குப் போனேன். படுக்கைகளை மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். யாரோ என்னிடம் வேட்டைப் பருவம் எப்படி என்று கேட்டார்கள், பரவாயில்லை என்றேன். இனி ரஸ்ஸால் மரம் வெட்டப் போக முடியாது. இந்தக் குளிருக்கு வீட்டில் கறியும் இல்லை. இவையெல்லாம் தெரிகின்றன, பக்கத்து வீட்டுச் செய்தி போல.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்காரி வந்து, "தோட்டா கடையில வாங்கினதா, வீட்டுல நிரப்பினதா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் ரஸ், "துப்பாக்கி பழசுங்க, எங்க தாத்தா காலத்துது" என்றான். பிறகு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். இதை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். நாளை காலை அவனிடம் சொல்லிவிடுவேன்.

மூன்று வாரம் முன்பு பேசியபோது, இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை, பனி விழுந்ததும் மான் ஒன்று அடிக்கலாம் என்றிருக்கிறோம் என்றாய். அங்கே பனி விழுந்துவிட்டதா என்று தினமும் பார்க்கிறேன். விழுந்துவிட்டது.

சரக்கு இறக்கும் வரை ஓட்டோ அங்கே இருப்பார். கிடைத்த காகிதத்தில் ஒரு வரி எழுதி அவரிடம் கொடு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. ஆனால் நீயே எழுது, தம்பி. இன்னொருவர் கையெழுத்தில் வர வேண்டாம்.

உன் அக்கா,
லோரீன்