இலட்சியம் என்று நான் எழுதிய சொல்

அன்பு மாறாத சுப்பையா அண்ணாச்சிக்கு,

நாம் ஞாயிறுதோறும் கூடி வாசித்த அந்தச் சோவியத் தத்துவ இதழின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது. கல்லூரியில் தத்துவம் நடத்தும் செல்வி எழுதுகிறாள். பின்னிணைப்பாக என் மொழிபெயர்ப்பு நோட்டுகளைச் சேர்க்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் பிழை திருத்த உங்களைத்தான் உட்கார வைத்திருப்பேன்.

மேலிடத்துக்குப் பிடிக்காத கட்டுரை வந்தால் அங்கே ஆசிரியரையே மாற்றிவிடுவார்களாம். இதைச் செல்வி சொல்லித்தான் நான் அறிந்தேன். நீங்கள் அப்போதே மோப்பம் பிடித்தீர்கள். தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த கண் அல்லவா? இதழ் வந்ததும் ஆசிரியர் குழுவின் பெயர்களைத்தான் முதலில் எண்ணுவீர்கள். "ஒரு ஆளைக் காணோம் தங்கச்சி. அங்கன என்னமோ நடந்திருக்கு." கட்டுரைத் தொடக்கத்தில் வரும் தலைவர்களின் மேற்கோள்களைத் தள்ளிவிடச் சொல்வீர்கள். "அவன் சாமி கும்பிட்டு முடிக்கட்டும். பொறவுதான் பேச்சுக்கு வருவான்."

அந்த நாடு உடைந்தது. நமக்கு வந்துகொண்டிருந்த ஆங்கிலப் பதிப்பும் நின்றது. ஆனால் மூல இதழ் மாஸ்கோவில் இன்னும் வருகிறது, அண்ணாச்சி. கேட்டதும் எனக்கு அத்தனை சந்தோஷம்.

இனி சொல்லக் கூச்சமான சேதி. வாசகசாலைச் சுவரில் நீங்கள் பெயிண்டால் எழுதினீர்களே, 'இலட்சியம் தலைக்குள் இல்லை. மனிதர் கூடிச் செய்யும் வேலையில் இருக்கிறது' என்று. அது ஓர் இதழ்க் கட்டுரையை நான் மொழிபெயர்த்த நோட்டிலிருந்து எடுத்த வரி. போன வாரம் செல்வி அதை மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. 'ஐடியல்'னா இங்கன இலட்சியம் இல்ல. கையால தொடமுடியாம, கருத்தா மட்டும் இருக்கிறதத்தான் கட்டுரை எழுதினவரு சொல்லுதாரு. கணக்குல வர்ற எண்ணு, சொல்லோட அர்த்தம் மாதிரி."

"அப்ப இத்தனை வருசமா நாங்க எதை வாசிச்சோம்?"

"நல்லதத்தான் வாசிச்சிருக்கீங்க. அவரு எழுதல, அவ்வளவுதான்." சிரித்தாள். "சத்தமில்லாம திருத்திரலாம் அத்தை. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியுமே! கான்வென்டில் சிஸ்டர்கள் தினமும் உயர்ந்த 'ஐடியல்' வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. "இலட்சியம்னு போட்டா பொருந்துதா தங்கச்சி? வாக்கியம் நொண்டுதே" என்று கேட்டீர்கள். "கான்வென்ட்ல படிச்சது நானா நீங்களா?" என்றேன், எல்லார் முன்னாலும்.

நீங்கள் சரியென்று தலையாட்டினீர்கள். மறுவாரம் அதே வரியைச் சுவரில் எழுதினீர்கள். ஏன் அண்ணாச்சி? என்னை நம்பியா? பிழை என்று தெரிந்தும் பிடித்துப்போய்விட்டதா?

திருத்தச் சொல்லிவிட்டேன், சத்தமில்லாமல் அல்ல. பிழை என்னுடையது, சந்தேகப்பட்டவர் சுப்பையா என்று என் நோட்டுகளுக்கான முன்னுரையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சுவரை மட்டும் அழிக்க விடவில்லை. அந்த வரி மாஸ்கோவுடையது இல்லையென்றால், நம் கோவில்பட்டியுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே உட்கார்ந்துதான் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பத்துப் பேர் இப்போது ஞாயிறுக் கூட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். என்னை விடக் கறாராகக் கேள்வி கேட்கிறார்கள்.

புத்தகம் வெளியாகும் அன்று அந்த முன்னுரையை நானே எழுந்து நின்று வாசிப்பேன். அன்று எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

உங்களிடம் தோற்றதில் குறை இல்லாத தங்கை,
பாக்கியம்