ஆஸ்பத்திரிக்குக் கேட்காத விமானம்

சேசு மரி சூசை

தேவராஜ மொஹல்லா, மைசூர்
19-2-1955

அன்பு மகள் மோலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், டில்லிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து இருபது நாளாகியும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் சோறு ஆக்கினேனா என்பதே எனக்கு நினைவில்லாத இருபது நாள் அது. உன் அப்பா ஜெயித்துவிட்டார் மோலி. அவர் இதை எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உன் தம்பி ஏசுதாஸ் மெக்கானிக்காக இருக்கும் பிளையிங் கிளப்பின் மூன்று விமானங்களும் ஆஸ்பத்திரிக்கு மேலேதான் ஏறுகின்றன, நோயாளிகளால் தூங்க முடியவில்லை என்று புகார் போய், இந்த மாதக் கடைசிக்குள் சத்தத்தை அடக்காவிட்டால் கிளப்பை மூடும்படி உத்தரவாகிவிட்டது. வெளியூரிலிருந்து ஒரு சைலன்சர் வாங்கி மாட்டினார்கள். சத்தம் குறைந்தது, ஆனால் உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளில் புகை முட்டி இன்ஜினின் பலமும் குறைந்து, விமானம் தென்னைமரங்களை உரசாத குறையாகப் போயிற்று. அப்போதுதான் ஏசுதாஸ், எங்கப்பா பஸ் சைலன்சர் செய்பவர், ஒரு தடவை பார்க்கட்டுமே என்று கிளப் இன்ஜினியர் இராமச்சந்திரனிடம் சொல்லியிருக்கிறான்.

அப்பா போய் ஒரு நாள் முழுக்க அந்த இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புகையை மறிக்காமல் நேராகப் போகவிட்டு, சத்தத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்றார். நாலு சிலிண்டருக்கும் ஒரே நீளத்தில் நாலு குழாய், அவை ஒன்றாகச் சேருமிடத்தில் துளை போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றிக் கல்நார் அடைத்த மெல்லிய தகடு. வளைந்த குழாயை எப்படி அளப்பது என்று திணறி என் தையல் நாடாவைத் தூக்கிக்கொண்டு போனார். கணக்கெல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துவதை விட்டுவிட்டு.

முதல் சோதனையில் பத்தே நிமிடத்தில், குழாய்களை ஒட்டிப் பற்றவைத்த இடம் விரிசல் விட்டுப் புகை பீறிட்டது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அதிகாரி எல்லார் எதிரிலும், பஸ்ஸுக்குக் குழாய் ஒட்டறவரை யாரய்யா இங்கே விட்டது என்று கேட்டுவிட்டார். ஏசுதாஸ் தலைகுனிந்து நின்றான். அப்பா அந்த விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, சூட்டுல குழாய் நீளுது சார், நான் அதை அசையவிடாம கட்டிப்போட்டுட்டேன், தப்பு என்னுதுதான், வெள்ளிக்கிழமை வாங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒட்டிய இடங்களை அறுத்தெடுத்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கொஞ்சம் ஆடும்படி மறுபடி செய்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை நானும் போனேன். விமானத்தைத் தரையில் நிறுத்தியே ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டினார்கள், ஒரு கீறல் இல்லை. இன்ஜின் சுற்று அந்த வெளியூர் சைலன்சரில் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐம்பது, நேற்று இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. முள் தவறாகக் காட்டுகிறதென்று அதிகாரி மீட்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், அது அங்கேயேதான் நின்றது. பிறகு பைலட் சீனிவாசன் ஏறிப் பறந்தார். தென்னைமரங்களுக்கு இரண்டு பனை உயரத்துக்கு மேலே போய், ஆஸ்பத்திரியை மூன்று சுற்று சுற்றிவிட்டு எங்கள் தலைக்கு மேல் வந்தார். இராமச்சந்திரன் என் பக்கம் திரும்பி, டீச்சரம்மா, நான் மெதுவாத்தான் பேசறேன், காது கேக்குதா என்றார். கேட்டது மோலி, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

இன்னும் கேள். விமானம் இறங்கிக் கால்மணி நேரத்தில் ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியர்களின் பியூன் பசவராஜ் சைக்கிளில் வந்து, மதர் கேக்கச் சொன்னாங்க, சோதனை இன்னிக்குன்னு சொன்னீங்களே, எப்ப ஸ்வாமி ஆரம்பிப்பீங்க என்று கேட்டான். நஞ்சன்கூடு ரோட்டில் ஏதோ லாரி போகிறதென்று நினைத்தார்களாம்! மைதானமே சிரித்தது, அந்த அதிகாரியும் சிரித்தார். அவரே சோதனை முடிவு எழுதிய காகிதத்தை நீட்டி, செய்தவர் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே போட்டார். மற்ற இரண்டு விமானங்களுக்கும் அவரையே செய்யச் சொல்லிவிட்டார்கள், கிளப் மூடப்படாது.

வருகிற புதன் விபூதிப் புதன். ஒருசந்தி என்று சொல்லிக்கொண்டு நைட் டியூட்டியில் பட்டினி கிடக்காதே, நோயாளியைத் தூக்குகிறவளுக்குத் தெம்பு வேண்டும். கம்பளி பனியனைப் பங்குனி வரை கழற்றாதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, இங்கிலீஷில் வேண்டாம், அவரே படிக்கும்படி எழுது. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள்.

உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
ஹில்டா ஸ்டானிஸ்லாஸ்